பூட்ஸ் காய எத்தனை நாள்

அத்தான்,

நேற்றுக் காலை கடையத்திலிருந்து ஓர் அம்மா தன் மகளுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைத் தேடி நம் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். போன வருடம் இங்கே காப்பி எடுத்தவர், காப்பியைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரிஜினலை மிஷின் மூடிக்கு அடியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"பீரோவுல உள்ளதெல்லாம் கீழ இறக்கிப் பாத்துட்டேன் அண்ணாச்சி. இங்கன விட்டிருப்பேனோன்னு ஒரு நெனப்பு," என்றார்.

உங்கள் பிஸ்கட் டின்னை எடுத்தேன். ஜனங்கள் மறந்துவிட்டுப் போகிற ஒரிஜினல்களை எல்லாம் நீங்கள் போட்டு வைப்பீர்களே, அந்தச் சதுர டின். மூடியைத் திறந்ததும் பழைய பிஸ்கட் வாசனையும் மிஷின் பவுடர் வாசனையும் கலந்து வந்தது. உங்கள் சட்டையிலும் அந்த வாசனைதான் இருக்கும். நான் கொஞ்ச நேரம் டின்னை மூடாமல் நின்றேன்.

மார்க் ஷீட் அதில் இருந்தது. அந்த அம்மா அதை வாங்கிக்கொண்டு, "அந்தச் சிங்கப்பூர் அண்ணாச்சி எங்க? அவியதான் அன்னைக்கு எடுத்துத் தந்தாவ," என்று கேட்டார்.

"தவறிட்டாங்கம்மா. பொங்கல் கழிஞ்சு."

அவர் முகம் வாடிவிட்டது. "நல்ல மனுசன். நாம ஒரு கேள்வி கேட்டா அவிய பத்து கேள்வி கேப்பாவ. எம் மவ என்ன படிக்கா, கடையத்துல இப்பம் என்ன வெளையுதுன்னு எல்லாம் கேட்டாவ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு டின்னைச் சுத்தம் செய்யலாம் என்று எல்லாவற்றையும் வெளியே கொட்டினேன். அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே நாலாக மடித்த ஒரு தாள் கிடந்தது. அது ஒரு படிவத்தின் ஜெராக்ஸ். அதை உங்கள் கையால் பேனாவில் நிரப்பியிருந்தீர்கள். படிவம் நிரப்ப வருகிறவர்களிடம் நீங்கள் சொல்வது வழக்கம்: "மொதல்ல ஜெராக்ஸ்ல எழுதிப் பாரும். அடிச்சித் திருத்தி முடிச்சிட்டு அப்புறமா ஒரிஜினல்ல கை வையும்." அதையே உங்களுக்கும் செய்திருக்கிறீர்கள்.

அந்தத் தாளில் என்ன இருந்தது என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் நான் உங்களிடம் இருபது வருடத்துக்கும் மேலாக மறைத்து வைத்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்களைப் பற்றி நான் ஓரிடத்தில் எழுதிக்கொடுத்தேன். அது உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. இந்த ஒரு கேள்விதான் நீங்கள் போன நாளிலிருந்து என்னைத் தின்றுகொண்டிருந்தது.

உங்களுக்கும் அக்காவுக்கும் கல்யாணப் பேச்சு வந்தபோது நான் ராணுவத்தில் சேர்ந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அப்பா போனில் சொன்னார்: "பையன் பொறந்து வளந்ததெல்லாம் சிங்கப்பூரு. தாய் தகப்பன் நம்ம தென்காசிதான். இங்கன வந்து கடை போட்டு இருக்கப் போறானாம். பாஸ்போர்ட்டுதான் அந்த நாட்டுது. அது கெடக்கட்டும், சாதகம் நல்லாப் பொருந்துது." அப்பாவுக்கு நாடு என்பது ஜாதகக் கட்டத்தில் வராத சமாச்சாரம்.

லீவு கிடைத்து நான் ஊர் வந்து சேர்ந்தது கல்யாணத்துக்கு முந்தின நாள். நல்ல மழை. நனைந்த பூட்ஸைப் பின்வாசல் சுவரில் கவிழ்த்து வைத்திருந்தேன். மறுநாள் சாப்பிட்டுக் கை கழுவ வந்த மாப்பிள்ளை நீங்கள், கழுத்தில் மாலையோடு அந்தப் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஒன்றை எடுத்து உள்ளே கைவிட்டுக்கூடப் பார்த்தீர்கள். என்னிடம் நீங்கள் பேசிய முதல் வார்த்தையே அதுதான்.

"மாப்ள, இது நனைஞ்சா காய எத்தன நாளாவும்?"

"தெரியாது அத்தான்," என்றேன்.

தெரியாமல் என்ன. ஆனால் வெளியாளிடம் பட்டாளத்து விஷயம் எதையும் பேசக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நீங்களோ வேறு பாஸ்போர்ட் வைத்திருக்கிற வெளியாள். அக்கா கழுத்தில் தாலி ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. விறைப்பு கொஞ்சம் அதிகம்தான்.

அடுத்த லீவில் வந்தபோது மறுபடி கேட்டீர்கள். பூட்ஸோடு நிற்கவில்லை. காலையில் சப்பாத்தியா இட்லியா, மேலதிகாரி எந்த மொழியில் திட்டுவார், மழையில் வயர்லெஸ் எடுக்குமா, முதுகில் தூக்கும் பையின் வார் தோளை அறுக்குமா. நான் எல்லாவற்றுக்கும் தெரியாது என்றேன். நீங்கள் சலிக்கவே இல்லை. "ஒண்ணுமே தெரியாமலா ஒன்னய வச்சிருக்கான்? சொல்லுலா," என்பீர்கள். நீங்கள் போடுகிற 'லா' சிங்கப்பூர் லாவா நம் ஊர் லாவா என்று தெருவில் ஒருவருக்கும் பிடிபட்டதில்லை.

நீங்கள் இந்த ஊரில் இருந்த விதம் எனக்கு எப்போதும் விநோதமாக இருந்தது. பிற்பாடு உங்களுக்கு, இந்திய வம்சாவளி வெளிநாட்டினருக்குத் தருகிற ஓ.சி.ஐ. அட்டை வந்தது. அதில் குடிமகன் என்றே அச்சடித்திருந்தது. ஆனால் ஓட்டு கிடையாது, வயல் வாங்க முடியாது. அச்சன்புதூர் வயலை அக்கா பேரில்தான் எழுதினீர்கள். தேர்தல் அன்று அக்காவோடு பள்ளிக்கூட வாசல் வரை போய் வெளியே நிற்பீர்கள். அவள் வந்ததும் விரலைப் பிடித்து, மை எப்படி வைத்தார்கள், எத்தனை நாள் இருக்கும் என்று விசாரிப்பீர்கள். ஆகஸ்ட் மாதத்தில் ஆறு நாள் இடைவெளியில் இரண்டு சுதந்திர தினம் வரும் உங்களுக்கு. அக்கா இரண்டுக்கும் பாயசம் வைப்பாள். முதல் பாயசம் எதற்கு என்று பக்கத்து வீட்டில் கேட்டால், "அவியளுக்கு இன்னைக்கு ஒரு விசேசம்," என்று மட்டும் சொல்வாள்.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த இரண்டாவது சாரல் சீசனில்தான் அது நடந்தது. நான் லீவில் இருந்தேன். நீங்கள் அம்மாவைப் பார்க்கச் சிங்கப்பூர் போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தீர்கள். இருவரும் ஐந்தருவிக்குப் போனோம். எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள் உங்கள் தோளில் கை வைத்ததும் நிறுத்தினார்.

"என்ன அண்ணாச்சி, ரெண்டு தோளும் தோலு உரிஞ்சு கெடக்கு? மூட்ட தூக்குனியளா?"

"ஆமா, பேப்பர் கட்டு," என்றீர்கள்.

பேப்பர் கட்டை இரண்டு தோளிலும் வைத்து யார் தூக்குவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆனால் கேட்கவில்லை. அருவியில் நின்று குளித்துவிட்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். சுற்றிலும் எல்லாரும் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் துண்டை எடுத்ததும் தலையைத் தொடவில்லை. குனிந்து கால் விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்தீர்கள். பக்கத்தில் நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். நாள் கணக்கில் நடந்து, ஈரக் காலோடு பூட்ஸ் போட்டுப் புண்ணாகிப் பட்டவன்தான் அப்படி முதலில் காலைத் துடைப்பான். உங்கள் பெருவிரல் நகம் கறுத்துப் போயிருந்ததையும் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம்.

"அத்தான், எந்தப் பட்டாளம்?" என்று கேட்டேன்.

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். அந்த நாட்டில் பதினெட்டு வயதானால் ஆண்பிள்ளைகள் இரண்டு வருடம் படையில் இருந்தே ஆக வேண்டும் என்றும், அது முடிந்த பிறகும் நாற்பது வயது வரை வருடத்துக்கு ஒருமுறை பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள் என்றும் சொன்னீர்கள். அம்மாவைப் பார்க்கப் போனது நிஜம்தான், ஆனால் பார்த்தது இரண்டு நாள், மிச்ச நாள் காட்டில்.

"ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"யாரும் கேக்கல, நான் சொல்லல. ஒங்க அக்காவுக்குத் தெரியும். மொதல்ல வயர்லெஸ்ல இருந்தேன் மாப்ள. கல்யாணம் ஆன பிறவு ஸ்டோருக்கு மாத்திட்டான். இப்பம் பூட்ஸ எண்ணி எண்ணிக் குடுக்கேன். பையத் தூக்கி நடக்குற மார்ச்சுக்கு மட்டும் எல்லாரோடயும் போணும்."

"வெளிநாட்டுல இருக்கவங்களுக்கு வராம இருக்க வழி இருக்கும்லா?"

"இருக்கு. ஆனா அங்கன என்கூட ரெண்டு வருசம் குழி வெட்டுனவன் வாரான். அவன்ட்ட போய் நான் இனி கெடையாதுன்னு எப்படிச் சொல்ல?"

"அப்பம் இங்கன?"

"இங்கன பொண்டாட்டி இருக்கா, கடை இருக்கு, நீ இருக்க. ரெண்டு வீட்டுலயும் பத்திரிகை வச்சா ரெண்டு கல்யாணத்துக்கும் போறோம்லா. அது மாரிதான்."

"ரெண்டும் ஒரே முகூர்த்தத்துல வந்தா?"

நீங்கள் துண்டை இன்னொரு முறை பிழிந்தீர்கள். பிறகு, "அன்னைக்கு ஒங்க அக்காட்ட கேட்டுக்கிடலாம்," என்றீர்கள். அன்று அதைக் கேட்டு நானும் சிரித்தேன்.

லீவு முடிந்து ரயிலில் போகும்போது சிரிப்பு வரவில்லை. ஒரு நோட்டை எடுத்து, நீங்கள் இதுவரை என்னிடம் கேட்ட கேள்விகளையெல்லாம் வரிசையாக எழுதினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது அத்தான், ஆனால் எழுதினேன். இட்லி, திட்டு, பூட்ஸ், பை வார். பட்டியலில் சந்தேகப்பட லாயக்கான ஒரே கேள்வி மழையில் வயர்லெஸ் எடுக்குமா என்பதுதான். அதையும் மழை பெய்தால் டி.வி. எடுக்காது என்று எரிச்சலில் இருந்த அன்று கேட்டீர்கள். நாக்பூர் தாண்டியதும் அந்தத் தாளைக் கிழித்து ஜன்னல் வழியாகப் போட்டேன். ஆனாலும் அக்காவின் புருஷனைப் பற்றி இப்படி ஒரு பட்டியல் போட்ட கை என்னுடையது என்பது மறக்கவில்லை.

யூனிட்டில் எங்களுக்கு ஒரு படிவம் உண்டு. உறவினரில் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் யார் என்று ஒரு கேள்வி. அதில் உங்கள் பெயரைக் கல்யாணமானதுமே எழுதிவிட்டேன். அதற்கு அடுத்த கேள்வி, வெளிநாட்டுப் படையில் உள்ளவர் உண்டா என்பது. அதில் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். இப்போது அதைத் திருத்த வேண்டும். அந்தச் சமயத்தில் நீலத் தொப்பி போட்டு வெளிநாட்டு அமைதிப் பணிக்குப் போகிறவர்களின் முதல் பட்டியலில் என் பெயர் இருந்தது. கடலைத் தாண்டி ஒரு நாட்டைப் பார்க்க எனக்கு வாய்க்கிற ஒரே வழி அது. ஆப்பிரிக்க மண் சிவப்பா கறுப்பா என்றெல்லாம் போய்வந்தவர்களிடம் கேட்டு வைத்திருந்தேன்.

மூன்று நாள் அந்தப் படிவத்தைப் பெட்டியில் வைத்திருந்தேன். எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. எழுதினால் உங்களைக் காட்டிக்கொடுத்த மாதிரி. எழுதாவிட்டால் நான் போட்டிருக்கிற உடுப்பை ஏமாற்றிய மாதிரி. நாலாம் நாள் 'உண்டு' என்று எழுதி உங்கள் பெயரையும் நீங்கள் அருவிப் படிக்கட்டில் சொன்னதையும் எழுதிக்கொடுத்தேன்.

கடைசிப் பட்டியலில் என் பெயர் இல்லை. இதனால்தான் என்று யாரும் சொல்லவில்லை. முட்டிவலிக்கு அந்த வருடம் இருமுறை மருத்துவரிடம் போயிருந்தேன், அதுவும் காரணமாக இருக்கலாம். இன்றுவரை தெரியாது. ஆனால் அன்று எனக்கு யார் மீதாவது கோபப்பட வேண்டியிருந்தது. அதற்கு நீங்கள் கிடைத்தீர்கள்.

அடுத்த சாரலுக்கு வந்தபோது அருவிக்குக் கூப்பிட்டீர்கள். முட்டிவலி என்றேன். நீங்கள் தனியாகப் போய்விட்டு, ஈரத் தலையோடு பரோட்டா பார்சலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தீர்கள். இலையைப் பிரித்து என் முன்னால் வைத்துவிட்டு, அக்கா உள்ளே போனதும் கேட்டீர்கள்.

"மாப்ள, என்னால ஒனக்கு ஏதும் செரமமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அத்தான்."

என்னை உற்றுப் பார்த்தீர்கள். வழக்கமாகப் பத்துக் கேள்வி கேட்கிறவர், அன்று இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. சால்னாவை என் பரோட்டா மீது ஊற்றிவிட்டு எழுந்து போனீர்கள். அதன் பிறகு கோபம் எனக்கு அதிக நாள் நிற்கவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லவும் இல்லை.

ரிட்டையர் ஆகி வந்து உங்கள் கடையிலேயே உட்கார்ந்தேன். நீங்கள் மிஷினில், நான் கவுண்டரில். நாற்பது தாண்டி உங்கள் பட்டாளமும் உங்களை விட்டுவிட்டது. இரண்டு ராணுவங்களும் வேண்டாம் என்று அனுப்பிவிட்ட இரண்டு பேர் பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தோம். முதல் மழை விழுந்ததும் வருடா வருடம் ஆரம்பித்துவிடுவீர்கள்: "இப்பமாவது சொல்லலாம்லா. காய எத்தன நாளு?" நானும் விடவில்லை. "தெரியாது அத்தான்." காப்பி எடுக்க வந்தவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது ஜன்னலுக்கு வெளியே தூறிக்கொண்டிருந்தது. நீங்கள் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினீர்கள். அன்றும் நான் தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

இனி அந்தத் தாள்.

அது உங்கள் நாட்டுப் படையின் படிவம். மனைவி வழி உறவில் வேறு நாட்டுப் படையில் இருக்கிறவரைப் பற்றியது. மேலே நீங்கள் போட்டிருக்கிற தேதி, கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள். ஐந்தருவிக்கு முன்னால். நான் உங்கள் பட்டாளத்தைப் பற்றி எழுதுவதற்கு வெகு முன்பே நீங்கள் என்னைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

எல்லாம் ஆங்கிலத்தில். உறவு: மனைவியின் தம்பி. பணி: இந்திய ராணுவம். என்ன வேலை என்கிற இடத்தில் 'வயர்லெஸ்' என்று எழுதி, ஒரு கேள்விக்குறி போட்டு, அடித்துவிட்டு, 'தெரியாது' என்று எழுதியிருக்கிறீர்கள். என் 'தெரியாது'வை நீங்களும் கற்றுக்கொண்டீர்கள் போலிருக்கிறது. அடுத்த கேள்வி: அவர் தன் பணி பற்றி உங்களிடம் பேசுவது உண்டா? உங்கள் பதில்: 'இல்லை. ஒவ்வொரு லீவிலும் கேட்கிறேன். எதுவும் சொல்வதில்லை.' அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதி, படிவத்துக்கு இது அதிகம் என்று நினைத்தோ என்னவோ, ஒரே கோட்டில் அடித்திருக்கிறீர்கள். அடித்தாலும் படிக்க முடிகிறது: 'பூட்ஸ் காய எத்தனை நாள் என்றுகூட.'

நான் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். இருபத்துநாலு வருட வேலையில் எனக்கு நன்னடத்தைச் சான்று பலமுறை தந்திருக்கிறார்கள். இப்படி ஒன்றை யாரும் தந்ததில்லை.

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுத் தாளை அக்காவிடம் கொண்டுபோனேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தாள்.

"இத குடுத்ததுக்குத்தான் ஸ்டோருக்கு மாத்துனான்னு அவிய சொல்லுவாவ. ஒனக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவேன்னு ஒங்கிட்ட சொல்லல," என்றாள்.

நான் தயங்கித் தயங்கி என் படிவத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். முதன்முறையாக ஒருவரிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"அவியளுக்கு அது தெரியுமேடே. நீ அருவிக்கு வராம முட்டிவலின்னு படுத்துக் கெடந்தல்லா, அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டாவ. 'தம்பி எழுதிட்டான் போல. அவன் எழுதலன்னாதான் நான் கவலப்பட்டிருப்பேன்'னாவ. அதுக்குத்தான் பரோட்டா வாங்கிட்டு வந்தாவ."

அக்காவுக்கு முன்னால் அழுதுவிட்டேன் அத்தான். அவள் தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. படிவத்தின் கடைசிக் கேள்வி: இந்த உறவால் உங்கள் கடமைக்கு எப்போதாவது இடையூறு வருமா? அதற்கு நீங்கள் ஏதோ எழுதி, பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அடித்திருக்கிறீர்கள். பிறகு மறுபடி எழுதி, அதையும் அடித்திருக்கிறீர்கள். விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், மிஷினில் வைத்துப் பெரிதாக்கி எடுத்துப் பார்த்தேன். ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. ஒரிஜினலில் என்ன எழுதி அனுப்பினீர்கள்? ஒரே முகூர்த்தம் வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் என்ன செய்திருப்பேன் என்றும் எனக்குச் சரியாகத் தெரியாது. அதனால் உங்களிடம் பதில் இல்லாததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேட்டுக்கொண்டே இருப்பேன், அவ்வளவுதான்.

இன்று சாரல் இறங்கியிருக்கிறது. நாளைக் காலை ஐந்தருவிக்குப் போகிறேன். குளித்துவிட்டு வந்து முதலில் காலைத் துடைப்பேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெயில் இருந்தால் இரண்டு நாள் போதும். மழைக்காலத்தில் நாலு நாள் ஆனாலும் விரல் பக்கம் ஈரம் இருக்கும். பழைய பேப்பரைச் சுருட்டி உள்ளே திணித்தால் ஒரு நாள் குறையும். உங்கள் கல்யாணத்தன்று பின்வாசல் சுவரில் பார்த்தீர்களே, அந்த ஜோடி காய மூன்று நாள் ஆனது அத்தான். நீங்கள் கேட்ட பிறகு நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.